முழங்கால் உயரம்கூட இல்லாத பெட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், குளிர் விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுவிஸின் சூக் நகரில் நடந்தது இது. ஓல்டனில் வீட்டை வைத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்ய ஒரு மனிதன் எதற்கு ரயிலேறி சூக் போகவேண்டும் என்று கேட்பீர்கள். ஒளிந்துகொள்ளத்தான்.

நான் கரப்பந்தாட்டக்காரன். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு, ஐம்பது வயது எட்டிப் பார்க்கும் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ் அணிக்காகத் துள்ளியவன். அதற்கு முந்திய கோடையில், ஒரு பந்தை அடிக்க எழும்பி நிலத்துக்குத் திரும்பி வரும்போது வலது முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கும் கேட்டதாம். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வைத்தியர் இரண்டு விடயங்கள் சொன்னார். இனித் துள்ளக்கூடாது. தொடையில் பலம் ஏறாவிட்டால் பழைய வேலைக்கும் போகமுடியாது.

பழைய வேலை என்பது லொறிகளுக்குச் சாமான் ஏற்றுவது. ஏறி இறங்க முடியாதவனை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? வைத்தியர் கடைசியாக என்ன சொல்கிறார் என்று பார்த்து முடிவெடுப்போம் என்று மேலாளர் மிக மரியாதையாகச் சொன்னார். சுவிஸில் ஒருவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினால் வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

கால்களுக்குப் பலம் தரும் உடற்பயிற்சி ஸ்டூடியோ வகுப்பு ஒன்றில் சேரச் சொன்னார்கள். ஓல்டனில் நான் தும்மினாலே, எங்கோ இருக்கும் ஓர்லிகோனிலிருந்துகூட எங்கள் ஆட்கள் சுகம் விசாரித்து அழைப்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு முன்னால், பெண்களுக்கு நடுவில், பாயில் படுத்துக் காலைத் தூக்குகிறேன் என்று அணிக்குத் தெரிந்தால் அதன் பிறகு நான் நடுவராகக்கூட நிற்க முடியாது. சூக் பணக்காரர்களின் ஊர். எங்கள் ஆட்கள் அங்கே ஸ்டூடியோவுக்கு வரமாட்டார்கள் என்று மூளையைப் பாவித்தேன். கேட்டவர்களுக்குச் சனிக்கிழமைகளில் இருந்தபடி செய்கிற ஒரு சின்ன வேலை என்றேன். உண்மை தெரிந்தது மனைவிக்கு மட்டும்தான்.

“பந்தடிக்கப் போகேக்க ஊருக்கே சொல்லிப்போட்டுப் போவியள். இப்ப கள்ளன் மாதிரிப் போறியள்” என்றாள்.

வகுப்பில் இருந்த பெண்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள், எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு சத்தம் கிடையாது. கரப்பந்தில் மூச்சு வாங்கினால் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டலாம். பந்தைத் தவறவிட்டால் பக்கத்தில் நிற்பவனைக் குறை சொல்லிப் பேசலாம். இங்கே பேசுவதற்குக் கண்ணாடியில் ஒருவன்தான் இருந்தான். அவனும் வியர்த்து வழிந்துகொண்டு என்னையே முறைத்தான்.

ஆனாலும் விடவில்லை. ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் போனேன். எல்லாம் பிடிபட்டது, ஒன்றைத் தவிர. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மரப்பெட்டியில் ஒற்றைக் காலில் நின்று, அந்தக் காலை மெல்ல மடித்து, மற்றக் குதிக்காலால் முன்னால் நிலத்தைத் தொடவேண்டும். இடது கால் சொன்னபடி செய்தது. வலது காலின் முறை வந்தால் சுவரில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டேன். சொல்லித் தருகிற பெண் அதைக் கவனித்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை என் பெட்டியைத் தூக்கி மண்டபத்தின் நட்ட நடுவில் வைத்துவிட்டாள். அடுத்த கிழமை வைத்தியர் இதைத்தான் செய்து காட்டச் சொல்வார் என்றும் சொன்னாள்.

வலது காலில் ஏறி நின்றேன். கீழே பார்த்தேன். மலை விளிம்பில் நிற்பதுபோல் இருந்தது. காதுக்குள் அந்த 'டக்' கேட்டது. கால் தையல் மெசின் மாதிரி ஓடத் தொடங்கியது.

“அவசரமில்லை. உங்களுக்கு வேண்டிய அளவு நேரம் எடுங்கள்” என்றாள் அந்தப் பெண் ஜேர்மனில்.

எடுத்தேன். வகுப்பு முடிந்தது. பெண்கள் பாய்களைச் சுருட்டினார்கள். ஒரு அம்மா போகும்போது நல்ல வார இறுதியாக அமையட்டும் என்று வாழ்த்தினார். பெட்டியில் நின்றபடியே நானும் வாழ்த்தினேன். நல்ல காலில் பாரத்தைப் போட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அப்படி இறங்கினால் வேலையிலிருந்தும் சேர்த்து இறங்குகிறேன் என்று மனதில் பட்டது. அதனால் இறங்கவும் இல்லை, செய்யவும் இல்லை.

அப்போது கதவைத் திறந்து, நிலம் கழுவும் மெசினைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். எங்கள் அணியில் வலைக்கருகே நின்று, நான் அடிப்பதற்காகப் பதினைந்து வருடமாகப் பந்தைத் தூக்கித் தந்த ஆள். சுவிஸில் எங்கள் ஆட்களிடமிருந்து ஒளிய, எங்கள் ஆட்களே துப்புரவு செய்கிற இடத்தைத் தேடிப் போயிருக்கிறேன். என் மூளை அவ்வளவுதான்.

“என்ன மச்சான், சிலை வைக்க உனக்கு ஓல்டனில இடம் கிடைக்கேல்லையோ?”

“நீ இஞ்ச என்னடா செய்யிறாய்?”

“பாத்தாத் தெரியேல்லையோ. இறங்கு, அதுக்குக் கீழயும் கழுவவேணும்.”

“இறங்கேலாமக் கிடக்கடா. கால் விட்டிடும் எண்டு பயமாக் கிடக்கு.”

வைத்தியரிடமும் மனைவியிடமும் சொல்லாத சொல் அது. அவன் முதலில் நன்றாகச் சிரித்தான். பிறகு மெசினை நிறுத்தி, அதன் பிடியில் சாய்ந்துகொண்டான்.

“பதினைஞ்சு வருசமா ஒவ்வொரு பந்துக்கும் நான் தூக்கினது பிழை எண்டனி. இண்டைக்கு நான் ஒண்டும் தூக்கேல்லை. ஆரைப் பிழை சொல்லப்போறாய்?”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்தக் கோபத்தோடே முழங்காலை மடித்தேன். தொடை எரிந்தது. நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் கால் என்னைத் தாங்கிக்கொண்டே மடிந்தது. இடது குதிக்கால் நிலத்தைத் தொட்டது. 'டக்' கேட்கவில்லை.

“அது தற்செயல். திருப்பிச் செய்” என்றான்.

திருப்பிச் செய்தேன். தமிழில் ஒரு சொல்லும் விளங்காத, சொல்லித் தருகிற பெண் கை தட்டினாள்.

“அணிக்குச் சொல்லிப்போடாதை” என்று கெஞ்சினேன்.

“நீயும் சொல்லாதை. சனிக்கிழமையும் வேலை செய்யிறன் எண்டு அவங்களுக்குத் தெரியாது. ஞாயிறு ஒண்டுதான் எனக்கு லீவு.”

அந்த ஒரு நாளையும் எனக்குப் பந்து தூக்கவும் என்னிடம் பேச்சு வாங்கவும் செலவழித்திருக்கிறான். பெட்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். அவன் கழுவத் தொடங்கினான்.

வைத்தியர் முன்னால் செய்து காட்டினேன். லொறிக்குத் திரும்பினேன். இப்போது ஓல்டனிலேயே ஒரு ஸ்டூடியோவுக்கு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று போகிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வலது காலில் ஏறி நிற்கும் ஒவ்வொரு முறையும் அது வருகிறது. அது போனபிறகு இறங்கலாம் என்று காத்து நிற்பதை மட்டும் விட்டுவிட்டேன்.