முழுங்காத கொய்னா

ஆஸ்பத்திரி வேலையில கஷ்டம் மருந்து குடுக்கிறது இல்லீங்க, அத உள்ள போக வைக்கிறதுதான். வீட்டுல புள்ளைக்கு மருந்து ஊத்திச் சட்டையெல்லாம் நனைஞ்சவங்க அத்தனை பேரும் என் கூட்டாளிங்க.

ஜப்பான்காரன் காலத்துக் கதைன்னதும் வாளு, ரத்தம்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போயிருங்க. நான் சொல்லப்போறது கொய்னா மாத்திரை.

நீயா பதில் சொல்லுவ?

மலாயாவுல பாலிங் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். அங்க ஆஸ்பத்திரியில நான் கட்டுப் போடுற ஆளு. வெள்ளைக்காரன் இருந்தப்போ, காலையில பெரட்டுல பேரு கூப்பிடும்போதே, ஆஸ்பத்திரியப் பாத்துக்கிற டிரெஸர் ஐயா ஆளுக்கொரு கொய்னா குடுப்பாரு, மலேரியா வராம இருக்க. கசப்புன்னா நாக்கு ரெண்டு நாளைக்குப் பேசாது. நம்ம சனம் வாயில போடுற மாதிரி போட்டு, விரலிடுக்குல ஒதுக்கி வீட்டுக்குக் கொண்டு போயிரும். வழியில போட்டா கங்காணி கண்ணுல படுமே!

ஜப்பான்காரன் வந்தான். டிரெஸர் பினாங்குக்குப் போயிட்டாரு. மருந்து வர்றது நின்னுச்சு. ஆஸ்பத்திரியில மிஞ்சினது ஒரு கத்திரிக்கோலும் நானும்தான். அப்பப் பாத்து பால்மரம் வெட்டுற செல்லம்மா காய்ச்சல்ல விழுந்தா. புருசன சயாமுக்கு ரயிலு ரோடு போட ஏத்திட்டுப் போயிட்டாங்க. ரெண்டு சின்னப் புள்ளைங்க. மரவள்ளிக்கிழங்குக்கே திண்டாட்டம், கள்ளச் சந்தை கொய்னாவுக்கு எங்க போவா? ஒரு வாரம் விடாம குடுத்தா பொழைப்பா. நாங்க குடியிருக்கிற லயத்துல வீட்டுக்கு வீடு மாத்திரை கெடக்குன்னு எனக்குத் தெரியும். போயிக் கேட்டா, அத்தனை பேரும் முழுங்கிட்டாங்களாம்! ஒரு அக்கா மட்டும் கதவு இடுக்குல உண்மையச் சொன்னா: "வெள்ளைக்காரனும் டிரெஸரும் திரும்பி வந்து, ஏன் முழுங்கலன்னு கேட்டா, நீயா தம்பி பதில் சொல்லுவ?"

வாயத் தொற

நமக்குத்தான் அடுத்தவன் குரல் நல்லா வருமே. முழுங்கியாச்சான்னு வாயத் தொறக்கச் சொல்றப்போ டிரெஸர் மூக்கால இழுத்து இழுத்துப் பேசுவாரு. வீரப்பண்ணன் வீட்டுச் சுவத்தோரமா நின்னுக்கிட்டு எடுத்து விட்டேன். "வாயத்... தொற. நாக்க... மேல. ம்ம்ம்... கீழ."

எட்டிப் பாத்தா, மனுசன் கைய கட்டிக்கிட்டு, வாயப் பொளந்து நாக்க நீட்டிக்கிட்டு சுவத்தப் பாத்து நிக்கிறாரு. நான் சிரிப்ப அடக்கிக்கிட்டு "மாத்திரை... எங்க?"ன்னேன். அவரு நாக்க உள்ள இழுத்துக்கிட்டு அழுவாத கொறையா சொன்னாரு: "அத்தாப்பு ஓலைக் கூரையில சொருகி வச்சிருக்கேங்க ஐயா, ஒண்ணுகூட வீணாக்கல!"

வேலை செஞ்ச மருந்து

காமாட்சி அக்கா தானா முன்வந்து குடுத்தா. ஆனா கையில இருந்தது கொஞ்சம்தான். "மீதி எங்க அக்கா, முழுங்கினியா?"ன்னேன். கொழைச்சு மார்ல தடவிப் புள்ளைங்களுக்குப் பால் மறக்கடிச்சாளாம். நான் தலையில கை வச்சேன். அவளுக்குக் கோவம் வந்துருச்சு: "டிரெஸர் மருந்து வேலை செய்யலைன்னு எவன் சொன்னான்? மூணு புள்ளைங்களும், ஒவ்வொண்ணும் ஒரே நாள்ல மறந்துச்சே!"

பக்கத்து வீட்டு மாத்திரை

இப்படி ஒவ்வொரு வீடாப் போனா செல்லம்மா தாங்க மாட்டா. ரப்பர் பால் வடிக்கிற மங்கு ஒண்ண ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, யாரு போட்டாலும் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வந்தாங்கய்யா! ஆனா எதுவும் அவங்களுது இல்ல. இவ "பக்கத்து வீட்டுக்காரி குடுக்கச் சொன்னா"ங்கிறா. பக்கத்து வீட்டுக்காரி வந்து இவளக் கை காட்டுறா.

மாட்டுக் கொட்டாய் காவக்காரரு சின்னப்பண்ணனுக்கு மட்டும் சிக்கல். அவரு வீடு தனி வீடு, பக்கத்துல யாருமில்ல. மங்குல போட்டுட்டு சுத்திமுத்தும் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "இது மாட்டுக்குக் குடுத்தது தம்பி. அது முழுங்கல."

கங்காணி வந்தாரு

செல்லம்மாவுக்குக் காய்ச்சல் எறங்க ஆரம்பிச்சது. கண்ணத் தொறந்து புள்ளைங்களப் பேரு சொல்லிக் கூப்பிட்டா. அந்த நேரம் பாத்து மங்கு காலி. மருந்து நின்னுச்சுன்னா காய்ச்சல் மறுபடியும் ஏறிடும். நான் வாசல்ல முழிச்சுக்கிட்டு நிக்கிறேன், பெரிய கங்காணி வர்றாரு. பெரட்டுல டிரெஸர் குடுத்ததும் மொத மாத்திரைய ஒசரத் தூக்கிக் காட்டி, "பாருங்கடா, கங்காணி முழுங்கறேன்"னு வாயில போடுறவரு. லயத்து சனம் பூராவும் கூடிருச்சு.

"இத்தனை நாளும் மாத்திரைய முழுங்காம ஏச்சீங்களாடா? நன்றி கெட்டவனுங்களா! நான் ஒரு நாளு விட்டதில்ல. அதான் எனக்கு இன்னி வரைக்கும் காய்ச்சல் இல்ல. டேய், அந்த மங்கத் தூக்கி வீசு!"

எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க. நான் மங்க நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். வெறகுக் கட்டோட அந்தப் பக்கமாப் போன அவரு சம்சாரம் அஞ்சலை அக்கா நின்னா. செல்லம்மா வீட்டப் பாத்தா. புருசனப் பாத்தா. வாயில தானா வந்துருச்சு:

"ஏங்க, அப்ப கோழிக்கூண்டு மேல பிஸ்கட் டின்னு நெறைய மாத்திரை இருக்கே, அது யாரு முழுங்காதது?"

நம்ம சனம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்கா முழுங்கியிருந்தா, செல்லம்மா அந்த வாரமே போயிருப்பா.