ஏரிக்கரையில் வறுத்த தூள்

யோகராணிக்குக் காட்டில் போய்க் கூடாரத்துக்குள் படுப்பது அறவே பிடிக்காது என்பது சிட்னித் தமிழர் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லோரும் என்றால் பெரிய தொகையில்லை. கதிரை போதாமல் கொஞ்சப் பேர் நிலத்தில் இருந்தால், ஒரு வீட்டு வரவேற்பறைக்குள் அடங்கிவிடுகிற சனம். அந்த வரவேற்பறைகளில் யோகராணி தன் துயரத்தைச் சொல்லுவார். குழிக் கக்கூசைப் பற்றியும், சேலைக்குள் ஏறிய அட்டையைப் பற்றியும், கூடாரத்துக்குள் தலையை நீட்டி ஆற அமர ஆட்களைப் பார்த்துவிட்டுப் போன உடும்பைப் பற்றியும் சொல்லுவார். கேட்டிருந்தவர்கள் அவருடைய கணவர் கணேசலிங்கத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டவரைப் போலப் பணிவாகச் சிரிப்பார்.

உண்மை இதற்கு நேர்மாறு. ஏரிக்கரையை விரும்பியவர் யோகராணி. வெறுத்தவர் கணேசலிங்கம். இரண்டு பேரும் இதை வெளியிலும் சொல்லவில்லை, தங்களுக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை.

யோகராணி கொக்குவிலில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். ஆஸ்திரேலியாவின் ஏரிகள் அநேகமாக உப்பு ஏரிகள், அவையும் வற்றிக் கிடப்பவை என்று ஒன்பதாம் வகுப்புக்குக் குறிப்புச் சொல்லிக் கொடுத்தவர். கடல் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருந்தும் கணுக்காலுக்கு மேல் நனையாமல் வளர்ந்தவர். அவருடைய ஆட்கள் மீனை விரும்பித் தின்பார்கள். தோணி வலிப்பது மட்டும் வேறு ஆட்களின் வேலை என்று வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருப்பதாக அவர்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

கணேசலிங்கம் படவரைஞர். தண்ணீர்க் குழாய்கள் எங்கே போகவேண்டும் என்று கீறிக் கொடுப்பது அவருடைய தொழில். எழுபத்தொன்றில் இருவரும் சிட்னிக்கு வந்து, ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் குடியேறினார்கள். பிள்ளைகள் இல்லை. யோகராணியின் புவியியல் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. அவர் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் தட்டச்சு வேலைக்குப் போனார்.

முதல் வருடம் முடிவதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த கறித்தூள் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் எதையும் பொறுத்துக்கொள்வார்கள், அடுத்தவர் வீட்டுத் தூளைத் தவிர. யோகராணி ஹேமார்க்கெட்டில் சீனக் கடைகளைத் தேடிப் போய்ச் செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் வாங்கிவந்தார். ஒரு சனிக்கிழமை காலை குசினியில் தாச்சியை ஏற்றி, மிளகாயைக் கருஞ்சிவப்பாக வரும்வரை வறுத்தார். கீழ்வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார். அதற்குக் கீழ்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். வாட்டசாட்டமான நான்கு பேர் கண்ணில் நீர் வழியக் குசினிக்குள் வந்து நின்று, எரிந்துகொண்டிருந்த ஒன்றே ஒன்றான காஸ் அடுப்பைப் பார்த்தார்கள். கட்டடச் சொந்தக்காரர் நல்ல மனிதர். எதையும் சமைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதை இன்னொரு தரம் செய்தால் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கணேசலிங்கம் வேலைபார்த்த கந்தோரில் ஒரு வெள்ளைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு வழி சொன்னார். வடக்கே, நியூகாசில் தாண்டி, புலாதீலாவுக்கும் அப்பால் மண் ரோட்டில் போனால் மயால் ஏரிகள் வரும். கரையோரத்தில் கூடாரம் அடிக்கலாம். நெருப்பு மூட்ட இரும்புத் தகடு போட்ட அடுப்புகள் உண்டு. எதை வறுத்தாலும் பெலிக்கன்கள் முறைப்பாடு செய்யாது என்றார். விறகடுப்பின் புகையை விட்டுத் தப்பி வந்த இரண்டு பேர், விறகடுப்பைத் தேடி ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினார்கள்.

டிசம்பரில் தொடங்கும் அந்த நாட்டுக் கோடையில் நெருப்புக்குத் தடை இருக்கும் என்பதால் மே மாதம் ஒரு தரம், ஆகஸ்டில் ஒரு தரம் என்று வழக்கமாயிற்று. அது காட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். காகிதம் போலப் பட்டை உரிகிற மரங்கள். சாயம் கூடிய தேத்தண்ணியின் நிறத்தில் தண்ணீர். கறுப்பு அன்னம் என்று பாடப் புத்தகத்தில் படிப்பித்த பறவையை யோகராணி முதன்முதலாக அங்கேதான் பார்த்தார். படிப்பித்தபோது தான் அதை நம்பியிருக்கவில்லை என்பது பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வேலை காலையில் முடிந்துவிடும். வறுத்த சாமான்களை வெள்ளைச் சீலைத் துணியில் பரப்பி ஆறவிட்டு, பின்னேரம் தகரப் பேணிகளில் அடைத்து, வீட்டுக்கு வந்து கோப்பி மெஷினில் அரைப்பார். ஆறுகிற நேரத்தில் காவல் மட்டும்தான் வேலை. இரண்டாம் தரம் போனபோது காற்று எழும்பி, மிச்சமாக வைத்திருந்த ஒரு வெள்ளைச் சீலையை ஏரிக்குள் கொண்டுபோய்விட்டது. கரையில் முகாம் காவற்காரரின் தகரப் படகு கட்டியிருந்தது. கணேசலிங்கம் யோசித்துக்கொண்டு நின்றார். யோகராணி சேலையைச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டார். துடுப்பைப் பிடித்ததும் படகு ஒரே இடத்தில் சுற்றியது. பிறகு எதிர்த் திசையில் சுற்றியது. பிறகு நேராகப் போயிற்று. சீலையைப் பிடித்துப் படகில் போட்ட பிறகும் அவர் திரும்பவில்லை. அக்கரை வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் சும்மா மிதந்துவிட்டு வந்தார். அக்கரையில் நல்ல காய்ந்த விறகு கிடக்கிறது என்பது வந்தவுடன் அவர் சொன்ன சமாதானம்.

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் சாமான் ஆறும் நேரத்தில் யோகராணி விறகு பொறுக்க அக்கரைக்குப் போனார். கூடாரத்துக்குப் பின்னாலேயே விறகு வேண்டிய மட்டும் கிடந்தது. இரண்டு சுள்ளிகளோடு அவர் திரும்பி வரும்போது முகம் வெயிலில் கறுத்து, தலைமயிர் கலைந்து, எவரும் கேள்வி கேட்காத ஒரு இடத்திலிருந்து வருகிறவரின் சாயல் இருக்கும். கணேசலிங்கம் மடக்குக் கதிரையில் கண்ணை மூடியபடி உடும்புக்குக் காவல் இருப்பார். உண்மையில் கண்ணை முழுதாக மூடுவதில்லை. படகு சின்னதாகிப் பிறகு பெரிதாகி வரும்வரைக்கும் இமைக்கு அடியால் பார்த்துக்கொண்டே இருப்பார். யோகராணிக்கு நீந்தத் தெரியாது. கணேசலிங்கத்துக்கும் தெரியாது என்பதால் அந்தப் பார்வையால் பயனும் இல்லை. ஆனாலும் பார்த்தார்.

அவருடைய வெறுப்புக்குக் காரணம் முதுகு. காற்றடைத்த மெத்தை விடிவதற்குள் காற்றை விட்டுவிடும். திங்கட்கிழமை கந்தோரில் வளைந்து நடந்தார். வரைபலகைதான் காரணம் என்று சொன்னார். வீட்டில், திறந்த வெளிக் காற்று உடம்புக்கு நல்லது என்று சொன்னார். இப்படி ஆளுக்கொரு பொய்யோடு அவர்கள் ஐந்தாறு வருடம் மிகவும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்.

எழுபத்தெட்டுத் தொடக்கத்தில் வென்ட்வேர்த்வில்லில் ஒரு வீடு வாங்கினார்கள். பலகை வேலி போட்ட நீளமான பின்வளவு. இரண்டு பேருக்கு எதற்கு மூன்று அறை என்று கேட்டவர்களும், இனி நீங்கள் காட்டுக்குள் கிடந்து சாகத் தேவையில்லை என்று யோகராணியை வாழ்த்தினார்கள். யோகராணி எல்லோருக்கும் ஓம் என்றார். இத்தனை வருடம் அட்டையையும் உடும்பையும் பற்றி இத்தனை பேரிடம் சொல்லி முடித்த பிறகு, வேறு என்ன சொல்ல முடியும்? இனி ஏரிக்குப் போக வேண்டுமென்றால், ஒன்றில், அத்தனை நாளும் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது பின்வளவில் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும். முதலாவதைச் செய்யக்கூடிய பெண்ணாக அவர் வளர்க்கப்படவில்லை.

கணேசலிங்கம் பழைய செங்கற்களை வாங்கிவந்து, பின்வளவின் மூலையில் தன் கையாலேயே ஒரு அடுப்புக் கட்டினார். படவரைஞரின் அடுப்பு, எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் மட்டம் பிசகாது. மனைவிக்கு ஏரி பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதுகும் ஒரு பக்கம் மன்றாடிக்கொண்டிருந்தது. மனைவி பிடிக்காது என்று சொன்னதை ஒரே ஒரு தரம் அப்படியே நம்பிப் பார்த்தால் என்ன என்று நினைத்தார். ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வதைப் போலக் கொடுமை வேறு இல்லை. அதை அவர் பிறகுதான் கண்டார்.

யோகராணி முதலில் சீமெந்து காயவில்லை என்றார். அது காய்ந்தது. காற்று வீட்டுப் பக்கம் அடிக்கிறது என்றார். அடுத்த சனிக்கிழமை காற்றே இல்லை. கடைசியில், பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹார்ட்லி தனி மனுசி, வயதானவர், புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். அதில்தான் நம்பிக்கை முழுவதையும் வைத்திருந்தார். மே மாதத்தில் ஒரு காலை, அடுப்பை மூட்டி மிளகாயை வறுத்தபோது, புகை வேலிக்கு மேலால் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர்பார்த்தபடி மிஸிஸ் ஹார்ட்லி கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். யோகராணி மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு எழும்பி வேலியடிக்குப் போனார். பல வருடமாக அடைத்துக் கிடந்த தன் மூக்கு இன்றைக்குத்தான் திறந்தது என்றும், இதை அடுத்து எப்போது செய்வீர்கள் என்றும் மிஸிஸ் ஹார்ட்லி கேட்டார்.

சாமான்களை உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே சீலையில் பரப்பிவிட்டு, யோகராணி நிமிர்ந்தார். ஆறுகிறவரைக்கும் செய்ய ஒன்றும் இல்லை. வேலி வரைக்கும் நடந்தார். திரும்பினார். முன்பக்கத்துக்குப் போய்ப் படலையைத் திறந்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூடிவிட்டு வந்தார். பிறகு பின்படியில் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். கணேசலிங்கம் குசினி யன்னலால் இதைப் பார்த்தார். கையில் கழுவிய கோப்பை ஒன்று இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

இரண்டு கிழமை கழித்து, கமலினியும் அவள் கணவன் நித்தியானந்தனும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஊரில் கலவரம் நடந்த கையோடு வந்து சேர்ந்த இளம் சோடி. நித்தியானந்தன் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் இரசாயனவியலாளர். புதுத் தூளில் கோழிக்கறி. முதல் கவளத்திலேயே கமலினி நிமிர்ந்துவிட்டாள்.

"அக்கா, இவ்வளவு நாளும் ஏன் வீணா அந்தக் காட்டுக்கை போய்க் கஷ்டப்பட்டனீங்கள்? இதெல்லோ தூள்."

யோகராணி ஓம் என்று மட்டும் சொன்னார். வழக்கமாகப் பாராட்டுக்குப் பிறகு கறி பரிமாறும் கை, அன்றைக்குக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு ஓய்ந்தது.

"தூள் சரியில்லை," என்றார் கணேசலிங்கம்.

யோகராணியின் தூளைப் பற்றி அப்படி ஒரு வசனம் அந்த நாட்டில் அதுவரை பேசப்பட்டதில்லை.

"என்ன சரியில்லை?" யோகராணி கேட்டார்.

"மணம் எழும்பேல்லை. வேலிக்குள்ளை வைச்சு வறுத்தால் புகை போக இடமில்லாமல் திரும்பித் தாச்சிக்கைதானே விழும். அங்கையெண்டால் ஏரிக்காத்து அதை இழுத்துக்கொண்டு போயிடும். அதுதான் வித்தியாசம்."

வாழ்க்கை முழுக்கத் தண்ணீர்க் குழாய் வரைந்தவர் இதைக் காற்றியலில் பட்டம் பெற்றவரின் நிதானத்தோடு சொன்னார். நித்தியானந்தன் தலையைத் தூக்கி வாயைத் திறந்தான். கமலினி அவனைப் பார்த்தாள். அவன் மறுபடி கோழிக்காலுக்குத் திரும்பினான்.

"இவருக்கென்ன," என்று யோகராணி கமலினியிடம் திரும்பினார். "தன்ரை நாக்குக்கு ஒரு சாட்டுச் சொல்லிப்போட்டார். அங்கை அட்டைக் கடியிலை கிடந்து சாகிறது நானெல்லோ." பிறகு குழிக் கக்கூசைப் பற்றிச் சொன்னார். உடும்பைப் பற்றிச் சொன்னார். அந்த உடும்பு அன்றைக்கு முன்னெப்போதையும்விட நீளமாக இருந்தது. குரலில் பல மாதமாக இல்லாத ஒரு துள்ளல். இடையில், பேச்சோடு பேச்சாக, ஆகஸ்டில் எந்தக் கிழமை தனக்கு லீவு கிடைக்கும் என்றும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

கமலினியும் நித்தியானந்தனும் கை கழுவ எழும்பிப் போனார்கள். கணேசலிங்கம் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யோகராணி சட்டியோடு அவர் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு அங்கை வந்து நிலத்திலை படுக்க விருப்பமில்லையெல்லோ?"

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. முதல் நாளே தெரியும்."

கணேசலிங்கம் சோற்றைப் பிசைந்தார். சொல்வதற்கு அவரிடம் பல பொய்கள் இருந்தன. தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"கறி கொஞ்சம் விடும்."

"சரியில்லை எண்டியள்."

"ஓம், சரியில்லைத்தான்."

அது அவர் மூன்றாம் தரம் கேட்டு வாங்கியது. யோகராணி சட்டியைச் சரித்து, அடியில் ஒட்டியிருந்த குழம்பையும் கரண்டியால் வழித்து அவருடைய சோற்றில் விட்டார்.