குழாய் போன வழி

அந்த வீட்டில் அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் வைத்த பெயர். "என்னடா, வாயில்லாப் பூச்சியாப் பார்த்துக் கட்டிக்கிட்டு வந்திருக்கே" என்று தம்பியிடம் கேட்டாள். வாயில்லா என்பது நாளடைவில் உதிர்ந்து பூச்சி மட்டும் தங்கிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. கூப்பிட்டவர்கள் அவள் பதிலை எதிர்பார்க்காமல் மேலே பேசிக்கொண்டு போனார்கள். அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்திலும் அவள் கதை இதுதான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், விடை தெரியும், நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டுத் தாய்மாமனின் சைலன்சர் கடைக்குப் போனாள். அங்கே பேச வேண்டிய அவசியமில்லை, பேசினாலும் யார் காதிலும் விழாது. குழாய்க்குள் மணலை அடைத்துச் சூடு காட்டி வளைத்தால் அது நசுங்காமல் திரும்பும். அந்த வேலை அவளுக்கு முதலிலிருந்தே பிடித்துப்போயிற்று. வெல்டிங் கைக்கு வந்ததும் மாமா புகைக் குழாய்களை எல்லாம் அவளிடமே தள்ளிவிட்டார்.

டிங்கர் வேலை செய்கிற ஒருவன், அடிபட்ட வண்டிகளின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன், ஒருநாள் குழாய் ஒன்றை ஒட்டிக்கொண்டு போக வந்தான். பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "தையல் போட்ட மாதிரி இருக்கே" என்றான். மறுவாரம் ஓட்டை எதுவும் இல்லாத குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இப்போது இருவருக்கும் சொந்தப் பட்டறை. முன்பக்கம் அவன், தகரத் தடுப்புக்குப் பின்னால் அவள். குழாய் வேலை யார் செய்தது என்று யாராவது கேட்டால் "உள்ளே ஆள் இருக்கு" என்பான். அவன் மறைக்க நினைத்துச் சொல்லவில்லை. அவள்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தாள்.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தாள். நாளெல்லாம் நத்தை வேகத்தில் போகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்தி அவள் குரல் பித்தளையாகியிருந்தது. தம்பி வண்டியில் சும்மா ஏறினால்கூட, இல்லாத பிரேக்கைத் தேடி அவள் கால் தரையை மிதிக்கும். அந்தப் பொறுமைக்கெல்லாம் ஈடாக அவளுக்கென்று ஒரு கார் இருந்தது. சின்ன ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. கதவைத் திறந்தால் கையால் தரையைத் தொடலாம். டர்போ வைத்த என்ஜின்.

டர்போ காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். அமுங்கிய காற்று சூடாகும். அதை ஆற்றுவதற்குத்தான் இன்டர்கூலர். அந்தக் காரில் அது என்ஜினின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. அடுப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எதை ஆற்றுவது? வெயில் ஏறினால் வண்டி மூச்சு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஒரு போட்டி இருந்தது. அதற்குள் பெரிய இன்டர்கூலர் ஒன்றை வண்டியின் முகத்தில், எதிர்காற்று படுகிற இடத்தில் பொருத்திவிட வேண்டும் என்று நாத்தனார் வந்து நின்றாள். ஏ.சி.யைக் கழற்றக்கூடாது, உடம்பில் ஒரு இடத்திலும் வெட்டக்கூடாது என்று இரண்டு நிபந்தனை வேறு.

கணவன் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தான். வேர்க்கடலை போட்டால் கீழே விழ இடமில்லாத நெருக்கம். சூட்டுக் காற்றைக் கொண்டுபோக ஒரு குழாய், ஆறிய காற்றைத் திருப்பிக்கொண்டு வர ஒரு குழாய், இரண்டும் இதற்குள் எங்கே போவது? விளக்குக்குக் கீழே தகரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றான். அப்படியானால் வேறு பட்டறைக்குப் போவதாக அக்கா சொன்னாள். போனால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்றான் தம்பி. சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"வெட்டாமயே கொண்டு போயிடலாம், அண்ணி."

தடுப்புக்குப் பக்கத்திலிருந்து வந்த குரலை நம்பாமல் இரண்டு பேரும் திரும்பினார்கள். சொன்னவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பூச்சி பேசிடுச்சு. இனி நீ என்னடா பேசறது? சாவியை அவகிட்டயே குடுக்கிறேன்."

அன்று இரவு பூச்சி யோசித்துப் பார்த்தாள். குழாய் போகாவிட்டால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, இந்த ஞாயிறு இல்லாவிட்டால் இன்னொரு ஞாயிறு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொன்ன சொல் பொய்த்துப்போனால், அப்புறம் அந்த வாயை எந்த முகத்தோடு திறப்பது?

காலையில் வாஷிங் மெஷினின் பழைய தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தாள். வளைந்து கொடுக்கிற அந்த ரப்பரை என்ஜினைச் சுற்றி நுழைத்து, எடுத்து, வேறு பக்கம் நுழைத்து வழி பார்த்தாள். சூட்டுக் குழாய்க்குச் சீக்கிரம் வழி கிடைத்தது: மின்விசிறியின் ஓரமாகக் கீழே இறங்கி, பம்பருக்குப் பின்னால் ஏறிக்கொண்டது. திரும்பி வருகிற குழாய்தான் படுத்தியது. பேட்டரி ஒரு பக்கம் தடுத்தது, ஏ.சி. குழாய் இன்னொரு பக்கம். கடைசியில் சக்கரத்துக்கு முன்னால் ஒரு காலி இடமும், தொழிற்சாலையிலேயே காற்று இழுக்கப் போட்டிருந்த பழைய துவாரமும் கண்ணில் பட்டன. ரப்பர் அதற்குள் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் தலையை நீட்டியது. படுத்த இடத்திலேயே அவள் சிரித்தாள்.

அந்த வழியை அப்படியே இரும்புக் குழாயில் வளைத்தாள். உள்ளே ஒரு மணல் துகள் தங்கினாலும் என்ஜின் போய்விடும் என்பதால் வீட்டுக் குளியலறையில் வைத்துக் கழுவினாள். கணவன் துண்டோடு வாசலில் காத்து நின்றான். "குளிப்பாட்டி முடிச்சதும் பவுடர் போட்டுத் தூங்க வை" என்றான்.

வண்டியில் ஏற்றியபோது குழாய்கள் அங்கேயே பிறந்தவை போல உட்கார்ந்தன. முனைக்கு முனை இம்மி பிசகாமல் இடித்துக்கொண்டு நின்றன. இணைப்பின் மேலே ஒரு ரப்பர் உறை, அதை இறுக்க ஒரு கிளாம்பு, அவ்வளவுதான். வளைத்துக் கொண்டுபோன அழகை அவளே தள்ளி நின்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

நாத்தனார் தெருமுனை தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தாள். 'டப்'பென்று சத்தம் வந்தது. குழாய் ரப்பரிலிருந்து நழுவிவிட்டது. வண்டி இருமிக்கொண்டு திரும்பி வந்தது.

கிளாம்பை இறுக்கினாள். மறுபடியும் 'டப்'. புது கிளாம்பு போட்டுக் கணவன் தன் பலத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினான். இந்த முறை இன்னும் பெரிய சத்தம். கணவன் தகரம் வெட்டும் கத்தரியைத் தேடப் போனான். வழி சரியில்லை, நேர்வழியாக விட்டால் நிற்கும் என்பது அவன் கணக்கு. சனிக்கிழமை மதியம் ஆகியிருந்தது.

பூச்சி பானெட்டுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். பத்துப் பதினைந்து வருஷமாக எத்தனை குழாய் போட்டிருப்பாள், ஒன்றுகூடக் கழன்றதில்லை. அப்புறம், மிதிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அண்ணியை வண்டியில் உட்காரச் சொன்னாள். முதல் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே கிளட்சை மெதுவாக விடச் சொன்னாள். வண்டி நகரவும் கூடாது, அணையவும் கூடாது. வேறு யாராலும் அது முடிந்திருக்காது. நாத்தனாரின் இரண்டு கால்களும் பிழைப்பு நடத்தியதே அந்த இடைவெளியில்தான்.

"இன்னும் கொஞ்சம் விடுங்க, அண்ணி. இன்னும்."

என்ஜின் ஒரு தோளைத் தூக்கியது. 'எனக்கென்ன' என்று சொல்கிற ஆளைப் போல அப்படியே பின்னால் சாய்ந்தது. இன்டர்கூலரோ அசையாமல் நின்றது. நடுவில் அவளுடைய அழகுக் குழாய், இரண்டு பேர் இழுக்கிற சட்டை போல விறைத்தது.

சைலன்சர் குழாய் என்ஜினோடு சேர்ந்து ஆடும்; முழுவதையும் ரப்பரில் தொங்கவிட்டிருப்பார்கள். இன்டர்கூலரையோ வண்டியின் உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. ஒருமுனை ஆட, மறுமுனை ஆடாமல் நிற்கிற குழாயை அவள் இதுவரை செய்ததே இல்லை. சைலன்சர்க்காரி புத்தி சைலன்சராகவே வளைத்திருக்கிறது.

அதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"வழி சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். என்ஜின் ஆடும்னு நினைக்கலை."

கணவன் கத்தரியோடு நின்றான். நாத்தனார் வண்டியை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள். திட்டு விழும் என்று பூச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு எங்கேன்னு தெரிஞ்சாச்சுல்ல? அப்புறம் என்ன முழிக்கிறே? என்கிட்ட படிக்க வர்றவங்களுக்கு அது தெரியவே ஒரு மாசம் ஆகுது" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "நீ அதைக் கீழ வைடா, பார்த்தாலே பயமா இருக்கு" என்றாள்.

தகரத்துக்கு வர வேண்டிய வெட்டு குழாய்க்கு வந்தது. கழுவித் துடைத்து ரசித்த குழாயை அவளே அறுத்தாள். என்ஜின் பக்கம் வருகிற இடத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, நடுவில் வயிறு வைத்த ரப்பர் ஹோஸைக் கொடுத்தாள். ஹோஸ் நழுவாமலிருக்க முனைகளில் சுற்றிலும் ஒரு விளிம்பு எழுப்பினாள். பார்க்க முன்பிருந்த அழகு இல்லை. நாத்தனார் திரும்பவும் கிளட்சை விட்டுப் பார்த்தாள். என்ஜின் தோளைக் குலுக்கியது, ரப்பர் வயிற்றை அசைத்துக் கொடுத்தது, குழாய் தன்பாட்டுக்கு இருந்தது.

பிறகு மேட்டுச் சாலையில் மூன்று தடவை ஏறி இறங்கினார்கள். 'டப்' வரவில்லை.

போட்டியில் நாத்தனாருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. தனக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர் தன்னிடமே கார் ஓட்டக் கற்றவர் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனால் வண்டி மூச்சு வாங்கவில்லை. நின்ற இடத்திலெல்லாம் பானெட்டைத் திறந்து, எங்கே வெட்டியிருக்கிறது கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாள்.

அப்படிப் பார்த்த ஒருவர் திங்கட்கிழமை தன் காரோடு பட்டறைக்கு வந்துவிட்டார். அவருக்கும் அதே மாதிரி வேண்டும், எங்கும் வெட்டக்கூடாது. கணவன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்து, தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வண்டிக்கடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தாள். ரப்பரை இந்தப் பக்கம் விட்டாள், அந்தப் பக்கம் விட்டாள். எழுந்து முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, வந்தவரின் முகத்தைப் பார்த்தாள்.

"இதுல வெட்டித்தான் ஆகணும்ங்க" என்றாள்.

அவர் குனிந்து வண்டிக்கடியில் ஒரு தரம் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரிதான்" என்று சாவியை அவளிடமே நீட்டினார்.