பருந்து பார்த்த கேலக்ஸி

எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிடுவார் கண்ணாடிக்கடைக்காரர். அனுமதி கேட்கிற வழக்கமில்லை. கம்பிகளை விரித்து மேஜைமேல் வைப்பார். ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். "பாருங்க, நொண்டுது. இதப் போட்டுக்கிட்டுத்தான் உலகம் கோணலா இருக்குன்னு சொல்லிட்டுத் திரியறீங்க" என்றபடி கட்டைவிரலால் வளைத்து, சட்டையின் உள்பக்கத்தால் துடைத்து, அதே மூக்கில் திரும்ப மாட்டிவிடுவார். ஒரு துக்க வீட்டில், அழுதுகொண்டிருந்த சொந்த மைத்துனருக்கே இதைச் செய்யப் போனார். மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

பேருந்து நிலையத்தின் பின்தெருவில், செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவருடைய கண்ணாடிக்கடை இருக்கிறது. அறை குறுகல். கண் பரிசோதிக்கப் போதுமான நீளம் இல்லாததால், எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார். உட்காருகிறவர் கண்ணாடிக்குள் தெரியும் எழுத்தைப் படிக்க வேண்டும். பாதிப் பேர் தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்வார்கள். அப்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும். "இங்க என்ன பரீட்சையா நடக்குது? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. தப்பா சொன்னா தப்பான நம்பர் போட்டுத் தருவேன், படிக்கட்டுல உருளுவீங்க."

மாதத்தில் நிலவில்லாத ஒரு சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டிவிடுவார். ஊருக்கு வெளியே, நீரேற்று நிலையத்துக்குப் பின்னாலுள்ள வெட்டவெளியில் வானம் பார்க்கிற சங்கம் கூடும். சங்கம் என்று சொல்லிக்கொள்கிறார்களே தவிர, மொத்தம் ஒரு வேனைக்கூட நிரப்பாத கூட்டம். கடைசல் பட்டறை வைத்திருக்கும் லேத்துக்காரர்தான் அதன் உயிர்நாடி. ஆளுயரத்துக்கும் மேலான தொலைநோக்கியைத் தன் கையாலேயே செய்தவர். எல்லோருக்கும் அவர் 'லேத்து'. கண்ணாடிக்கடைக்காரர் 'பருந்து'. மற்றவர்கள் பைனாகுலர் வைத்துத் தேடிய ஒரு மங்கல் நட்சத்திரத்தை ஒருமுறை வெறுங்கண்ணால் காட்டியதில் வந்த பெயர். "பேரு வைக்கிறதுக்கு வேற பிராணியே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று சலித்துக்கொள்வார். சலிப்பு பொய். வீட்டில் மனைவியிடம் பெயரை யார் யார் எப்படி அழைத்தார்கள் என்பதுவரை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மாலை கடையில் ஆளில்லாத நேரம், நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டார். கருவிழி நடுவில் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. அடுத்த கண்ணிலும் அதே. ஷட்டரை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மனைவிக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினார் அவர். அது போதுமானதாக இருந்தது.

"ஊர்ல இருக்கிற கண்ணுக்கெல்லாம் நம்பர் சொல்றீங்க. உங்க கண்ணக் காட்ட மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கால் வரமாட்டேங்குதா?"

"கிளாஸ் மாத்தினா சரியாயிடும்."

"யாருகிட்ட சொல்றீங்க இந்தக் கதைய? நான் என்ன கடைக்கு வந்த ஆளா?"

புரை அறுவை அவருக்குப் பயமில்லை. எத்தனையோ பேரை "காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம், போங்க" என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே தெரியும். தெரிந்த நாளிலிருந்து தான் ஒருகாலத்தில் நன்றாகப் பார்த்தவர் ஆகிவிடுவோம் என்பதுதான் அவரைத் தடுத்தது. மனிதன் தன்னிடம் உள்ள ஒன்றுக்காகப் புகழப்படும்போது, அது போன பிறகும் புகழை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு வழி தேடுகிறான். இவருக்கு வழி சுலபமாகவே கிடைத்தது. சங்கத்தில் பார்க்கிற கேலக்ஸிகள் இடம் மாறுவதில்லை, உருவம் மாறுவதில்லை. பழைய ஞாபகத்திலிருந்து சொன்னால் போதும். பொய் சொல்ல அதைவிட வசதியான பொருள் உலகத்தில் கிடையாது. மாதா மாதம் தொலைநோக்கியில் கண்ணை வைப்பார், ஒன்றும் தெரியாது, "அடடா" என்பார்.

சென்ற மாதம் சங்கத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பிரசவ வார்டில் நர்ஸ். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிற ஆசை அவள் நடையிலேயே இருந்தது. பருந்து அவளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, தொலைநோக்கி நின்ற இடத்துக்கு அழைத்து வந்தார். லேத்து அங்கே இல்லை. கேலக்ஸியைக் குறிபார்த்து, குழாயை வானத்தோடு நகர்த்தும் மோட்டாரை ஓடவிட்டு, வேனிலிருந்து இன்னொரு பாட்டரி எடுத்துவரப் போயிருந்தார். நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"பெரியவர் முதல்ல பார்க்கட்டும். பருந்து சொன்னாத்தான் நமக்கு நம்பிக்கை" என்றார் வங்கிக் காசாளர்.

பருந்து குனிந்து கண்ணை வைத்தார். கறுப்பு. வழக்கமாகக் கொஞ்சமாவது சாம்பல் கலந்த கறுப்பாக இருக்கும். இன்று அடைத்த கறுப்பு. முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"அடடா... இன்னிக்கு என்ன சுத்தம்! சாய்ச்சு வெச்ச முட்டை மாதிரி. நடுவுல அடர்த்தி, ஓரம் போகப்போகப் புகை."

அடுத்துக் காசாளர் குனிந்தார். கண்ணை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு, "ஆமாமா. முட்டைதான். லேசாத் தெரியுது" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் லேசாகத் தெரிந்தது.

நர்ஸ் நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலை சார்."

"நேராப் பார்க்காதீங்கம்மா. கொஞ்சம் ஓரமா, கடைக்கண்ணால பாருங்க. மங்கலானதெல்லாம் அப்பத்தான் பிடிபடும்."

மறுபடி பார்த்தாள். மறுபடியும் இல்லை.

"சிஸ்டர், ஊசி போடறப்பவும் இப்படித்தானா?" என்றார் காசாளர். எல்லோரும் சிரித்தார்கள். பருந்தும் சிரித்தார். "ஒருநாள் கடைக்கு வாங்கம்மா, பார்த்துடலாம்" என்றும் சொன்னார். அவள் சிரிக்க முயன்று, வரிசையை விட்டு ஒதுங்கி, வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கம் போனாள்.

லேத்து பாட்டரியோடு வந்தார். தொலைநோக்கிக் குழாயின் வாய் எல்லோர் தலைக்கும் மேலே, இருட்டுக்குள் இருந்தது. ஸ்டூலில் ஏறி எட்டிக் கைநீட்டினார். டப்பென்று ஒரு பிளாஸ்டிக் சத்தம். அவர் கையில் ஒரு வாளி மூடி இருந்தது. பனி இறங்கும்போது லென்ஸில் ஈரம் படியாமலிருக்க அதைத்தான் குழாயின் வாயில் போட்டு மூடுவார்; பாட்டரி எடுக்கப் போகும்போதும் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.

சத்தம் கேட்டுத் திரும்பியவர் பருந்து ஒருவர்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே, பார்த்தீங்களா?" என்றார் லேத்து, மெதுவாக.

"பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டார். அது முந்திக்கொண்டு வந்துவிட்டது.

லேத்து மூடியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு மூடியை முதுகுப் பக்கம் ஒளித்துக்கொண்டு, உரக்கச் சொன்னார்: "லென்ஸ்ல பனி படிஞ்சிருந்தது. துடைச்சிட்டேன். வாங்க, எல்லாரும் இன்னொரு தரம் பாருங்க."

"ஆஹா! இப்ப இன்னும் பளிச்சுன்னு இருக்கே!" என்றார் காசாளர்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் காதுமடல் சுட்டது. தன் பொய்யைவிட, தன்னைவிட இளையவன் ஒருவன் தனக்காகச் சொன்ன பொய் அதிகம் சுட்டது. அந்த இரக்கத்தில் கேலியே இல்லை; அதனால் பதிலுக்குக் கோபப்படவும் வழியில்லை. நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. வண்டிகள் பக்கம் நடந்தார்.

அவள் தூரத்தில் தெரிந்த சாலையோரத்து விளக்கைப் பார்த்தபடி நின்றிருந்தாள். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடினாள், பிறகு மற்றதை. மறுபடி முதல் கண்ணை. கடைக்கு வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் வீட்டில் தனியாக இதைத்தான் செய்து பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"சார், நாளைக்குக் கடை உண்டா?" என்றாள். "மருந்து பாட்டில்ல எவ்வளவு சின்ன எழுத்து தெரியுமா? இத்தன நாளா சரியாத்தான் படிக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேன். பச்சக் குழந்தைங்க சார். பயமா இருக்கு."

"அது... லென்ஸ்ல பனி படிஞ்சிருந்ததாம்மா. இப்பத் துடைச்சாச்சு."

"ஓ." அவள் முகம் ஒருகணம் தெளிந்தது. பிறகு மறுபடி யோசனையில் சுருங்கியது. "ஆனா பனியிலயும் உங்களுக்குத் தெரிஞ்சுதே சார். எனக்கு முன்னால பார்த்த அந்த அண்ணனுக்குக்கூட லேசாத் தெரிஞ்சுது." அதில் குத்தல் எதுவும் இல்லை. "சரி, உங்க கண்ணு அப்படி. என்னோடதத்தான் பார்க்கணும்."

அவர் சட்டையின் உள்பக்கத்தை இழுத்துத் தன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"மூடி போட்டிருந்ததும்மா."

"என்ன சார்?"

"குழாய்க்கு மூடி போட்டிருந்தது. பனியுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க பார்த்ததுதான் சரி. அங்க பார்க்கிறதுக்கு எதுவுமே இல்ல."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "அப்போ நீங்க முட்டை மாதிரின்னு..." என்று தொடங்கி, பெரியவரிடம் மேற்கொண்டு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்தினாள்.

"டார்ச் வெச்சிருக்கீங்களா?"

"பென் டார்ச் இருக்கு. வெள்ளை லைட்டே போடக்கூடாதுன்னு வந்தவுடனே நீங்கதானே சார் சொன்னீங்க?"

"போடுங்க."

இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி பழக வெகுநேரம் பிடிக்கும். அந்த வெட்டவெளியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அவள் தயங்கித் தயங்கிப் பொத்தானை அழுத்தினாள். உடனே தொலைநோக்கிப் பக்கமிருந்து கூச்சல் கிளம்பியது. "யாருய்யா அது லைட்டு?" "அணைங்க, அணைங்க!" "பருந்தண்ணே, அங்க என்ன பண்றாங்க பாருங்க!" காசாளர் வரிசையை விட்டு இந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்.

அவள் அணைக்கப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இமைகளை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, காசாளர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அப்படியே நின்றார்.