தெற்குப் பக்கத்துக் கல்

வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் படர்ந்திருக்கும் தண்ணீர்விட்டான் கொடியை எவர் தொட்டாலும் பொன்னாயிக்குப் பிடிக்காது. மலைமேல் வளப்பூர் நாட்டில் அந்தப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் பற்றவில்லை என்றால் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். வருடத்துக்கு ஒரு பக்கம்தான் தோண்டுவாள். போன வருடம் கிழக்கு, இந்த வருடம் தெற்கு. விரல் விரலாகத் தொங்கும் கிழங்கில் கொஞ்சம் ஒடித்துக்கொண்டு, தூர்க்கட்டை அசையாமல் மண்ணை அணைத்துவிடுவாள். தோண்ட வேண்டிய பக்கத்துக்கு அடையாளமாக ஒரு கல் கிடக்கும்.

கல்யாணமான புதிதில் காட்டில் அவளும் கூடை கூடையாகத் தோண்டியவள்தான். வியாபாரி கேட்டான், ஊரே வேரோடு பிடுங்கிக் கொடுத்தது. இப்போது அரைநாள் நடந்தாலும் ஒரு கொடி கண்ணில் படுவதில்லை. கடைசியாகக் கிடைத்த ஒன்றை மண்ணோடு பெயர்த்து வந்து வைத்துப் பதினேழு வருடம் ஆகிறது.

மகள் தேன்மொழி பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு இருபது நாள். பால் பற்றாமல் கத்திக்கொண்டே இருந்தது. எடை பார்க்கத் தாயையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, "வந்து ரெண்டு கெழங்கு தோண்டோணுங்க மாப்ளே," என்று பொன்னாயி வீட்டில் நின்றுகொண்ட மருமகனிடம் வாய்விட்டதுதான் தப்பு.

சபரீஷ் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்காரன். தேன்மொழி ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவன். நல்ல பையன், கைதான் சும்மா இராது. அவன் வீட்டில் தலைமுறையாகக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விவசாயம். செடியைப் பிடுங்கிக் கிழங்கை ஒடித்துக்கொண்டு, குச்சியை நறுக்கி நட்டால் மறுபடி முளைக்கும். கிழங்கு என்றால் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மத்தியானம் திரும்பி வந்தபோது பலாமரத்தடியில் பெரிய குழி. அடையாளக் கல்லை ஓரமாக எடுத்து வைத்திருந்தான். முறத்தில் கிழங்கு குவிந்து கிடந்தது. அதன் முள்கொடியை ஒரே அளவாக நறுக்கி, வேலியோரம் வரிசையாக நட்டுத் தண்ணீரும் ஊற்றியிருந்தான்.

"நீங்க எதுக்குங்க அத்தே சிரமப்படோணும்னு நானே எடுத்துட்டனுங்க. இருவது குச்சி ஊனியிருக்கறன். அடுத்த வருசம் தோட்டமே ஆயிருமுங்க."

"தூருக்கட்டை எங்கீங்க மாப்ளே?"

"அதுல என்னங்க இருக்குது? பாப்பாவுக்குத் தண்ணி காய வெக்க அடுப்புல போட்டுட்டனுங்க."

பொன்னாயி வெந்நீர் அடுப்பை எட்டிப் பார்த்தாள். துண்டு துண்டாக வெட்டிய பச்சைக் கட்டை புகைந்து கருகிக்கொண்டிருந்தது. வெறும் குச்சியும் துளிர்க்காது, கிழங்கும் துளிர்க்காது. கொடியின் உயிர் முழுக்க அந்தக் கட்டையில்தான்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகன் உடைத்தாலோ உடைந்த சத்தமே வெளியே கேட்கக் கூடாது. அதுவும் மலைக்குக் கீழே கொண்ட சம்பந்தம். பொன்னாயிக்குத் திட்டு நாக்கு நுனி வரை வந்தது. காட்டில் தான் வெட்டி எறிந்த கட்டைகள் நினைவுக்கு வர, அதுவும் அடங்கிவிட்டது. "சோறு ஆறுதுங்க, சாப்புடுங்க," என்றாள்.

கிழங்கைத் தோல் சீவி மகளுக்குப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு பங்கை மடியில் கட்டிக்கொண்டு வேலிப்பக்கம் போனாள். அடுத்த வீட்டுக் கவிதாவுக்கு ஏழு மாதம்.

"இந்தா கண்ணு, காய வெச்சுக்க."

"இப்ப எதுக்குங்கக்கா? பொறந்தப்பறம் பச்சையாவே வாங்கிக்கறன். கொடி எங்க ஓடியா போயிரும்?"

மருமகன் முன்னால் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"போயிருச்சு கண்ணு," என்றாள் பொன்னாயி. "முந்தானையப் புடி."