பலகையைப் பூஜ்யமாக்கிய மஞ்சள்

பணியுடையில் ரத்தம் காணப்பட்டால், வாசல் பலகையில் ‘விபத்தில்லா நாட்கள்’ அன்றே பூஜ்யமாக வேண்டும் என்பது எங்கள் ஒரகடம் தொழிற்சாலையின் விதி. காயம் இருந்தாக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. நிர்வாகப் பிரிவில் அந்த விதியைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

பலகை ஓராண்டைத் தொட்டால் ஆளுக்கொரு மிக்ஸி என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. அதற்குச் சில நாட்கள் இருக்கும்போதுதான், பெயிண்ட் பிரிவில் வேலை செய்த மண்ணூர்ப் பெண் ஒருத்தி கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் வெள்ளைப் பணியுடையில் ஒட்டிக்கொண்டது. குழாயடியில் சோப்புப் போட்டாள். கறை செக்கச்செவேலென்று ஆனது. அலசுவதற்குள் பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டார்.

“காயம் எங்கம்மா?”

“காயமே இல்ல சார். மஞ்சள் சார் இது. சோப்பு பட்டு செவந்துடுச்சி.”

“மறைக்காதம்மா. மறைச்சா அது தனிக் குற்றம்.”

காயம் தென்படவில்லை என்று முதலுதவி அறை நர்ஸ் எழுதிக் கொடுத்தார். தென்படவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல என்றார் அதிகாரி. மஞ்சளில் உள்ள குர்குமின் சுண்ணாம்பு பட்டாலும் சோப்பு பட்டாலும் சிவக்கும். அவருடைய கிரகப்பிரவேசத்தில் அதே சிவப்பை அவர் நெற்றியிலேயே இட்டார்கள், நான் சாட்சி. ஆனால் ஆரத்தி வீட்டில்தான் எடுக்கப்படும் என்பது அவர் எண்ணம்.

பலகை பூஜ்யமானது.

“ஏண்டி, ஒனக்கு மொய் வெச்சோமே, எங்க மிக்ஸிக்கு ஒல வெச்சிட்டியே!” என்றார் லைனில் மூத்த அக்கா.

“சீர்ல மிக்ஸி வெக்காதீங்க, கம்பெனில தராங்கன்னு எங்கம்மாவ நான்தாங்க்கா தடுத்தேன். மாமியாருக்கு இன்னா பதில் சொல்வேன்?” என்று அவள் அழுதாள்.

உடை, தலைமை அலுவலகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். ஈரமான பொருளை உறையிலிடக் கூடாது, அதுவும் விதி. கூரியர் செலவுக்கு அனுமதி வரும்வரை அதிகாரி அதை மேற்கு ஜன்னலில், நல்ல வெயிலில், பத்திரமாகத் தொங்கவிட்டார். குர்குமினுக்கு வெயில் ஆகாது. கறை வெளுத்துக்கொண்டே வந்ததைக் கவனித்தேன். கவனித்ததைத் தெரிவிக்கப் படிவத்தில் இடமில்லை.

‘உடையில் கறை ஏதுமில்லை. சுத்தமான உடையை அனுப்பிய காரணத்தை விளக்கவும்’ என்று மாதங்கள் கழித்து ஒருவழியாகப் பதில் வந்தது. பலகையில் பழைய எண், இடைப்பட்ட நாட்களோடு சேர்ந்து திரும்பியது. மாமியார் வீட்டுக்கும் மிக்ஸி போனது. எங்கள் வீட்டு மிக்ஸியும் அந்தக் கணக்கில் வந்ததுதான். அதன் மூடி மஞ்சளேறும்போதெல்லாம் மொட்டைமாடி வெயிலில் வைக்கிறேன். அதிகாரியும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்குமாம், ஸ்ரீபெரும்புதூர் மருந்துக்கடையில் குர்குமின் மாத்திரை வாங்கித் தினம் ஒன்று விழுங்குகிறார். அதே மஞ்சளை ரசத்தில் போட்டால் குர்குமின் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். வாசல் பலகை இப்போது மின்னெழுத்தில் ஒளிர்கிறது. விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

பரிசோதனைக்கூடத்தின் அந்தப் பதில் வந்த தேதியை எங்கள் ஆட்கள் யாரும் மறக்கவில்லை. அன்றுதான் அந்தப் பெண்ணுக்குக் கேன்டீனில் வளைகாப்பு. பிரித்த உறையோடு உள்ளே வந்த அதிகாரி, ஆரத்தித் தட்டைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இது என்னம்மா?”

“ரத்தம் சார்,” என்றார் மூத்த அக்கா. “போய் போர்டை மாத்துங்க.”