ஐப்பசி மலையில் நாயோடு ஒரு பிழைப்பு

நாயோடு மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் பிழைப்பு. நீங்களும் நாய் வளர்க்கிறவர் என்றால் என் பாடு சொல்லாமலே விளங்கும். அரசாங்கக் காட்டுக்குள் நாயைக் கொண்டுபோகக் கூடாது. அதனால் குற்றாலத்துக்கு மேலே ஒரு கிராம்புத் தோட்டத்தின் ஒற்றையடிப் பாதையில்தான் கூட்டிப்போவேன். ஒரு நாய் தொலைந்தாலும் மறுநாள் நான் வர வேண்டாம் என்று தோட்டத்து முதலாளி அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்று ஐப்பசி ஆகிவிட்டது. ஏறின நாயெல்லாம் இறங்கியிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது.

அட்டைக்குப் பாரபட்சம் இல்லை

சுரண்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் லாப்ரடாரோடு வந்தார். அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை சாக்ஸ், அதன்மேல் புகையிலைத் தண்ணீர் என்று ஏக ஏற்பாடு. பாதி வழியில் நாய் உட்கார்ந்து பாதத்தை நக்க ஆரம்பித்தது. விரலிடுக்கை விரித்தால் ஏழு அட்டை. நான் ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்து முடித்ததும் அவர் சொன்னார்: "எங்காலப் பத்தியே யோசிச்சேன்க்கா. இதுக்கு நாலு காலு இருக்கது நெனப்பே வரல."

கூப்பிட்டால் வரும் நாய்

கடையத்திலிருந்து வந்த விவசாயி, தன் நாய் கூப்பிட்டால் வந்துவிடும், கயிறே வேண்டாம் என்றார். கயிறு கட்டாமல் நான் தோட்டத்துக் கேட்டைத் திறக்கவில்லை. முறைத்துக்கொண்டே கட்டினார்.

இரண்டாவது வளைவில் புதருக்குள் காட்டுப்பன்றி உறுமியது. நாய் பாய, பின்னாலேயே அவரும் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனார். நான் ஓடிப்போய்க் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினேன். பன்றி போய்விட்டது. வேட்டியெல்லாம் சேறாக எழுந்தவர் சொன்னார்: "கூப்பிட்டா வரும்தான். பன்னி கூப்பிட்டா மொதல்ல அங்கன போகுது."

ஐந்தே எட்டு

தென்காசி டீச்சர் ஒருவர் ஜிம்மி என்ற வயதான நாட்டு நாயோடு வந்தார். இறங்கும்போது ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான், தலைக்கு மேலே நல்ல வெயில். ஆனால் தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தது. மேல்மலையில் மழை என்று தெரிந்துகொண்டேன். டீச்சருக்கு அவசரம். அஞ்சு எட்டில் தாண்டிவிடலாம் என்றார். நான் கையை நீட்டி மறித்தேன். படித்த பெரியவரை மறிக்கிறோமே, தண்ணீர் வராவிட்டால் என் மானம் போகுமே என்று பயமாகவும் இருந்தது. கால் மணி நேரத்தில் வெள்ளம் இரைந்து வந்து, நாங்கள் கால் வைக்க இருந்த பாறையையே மூடிவிட்டது. டீச்சர் ஜிம்மியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேட்டுப் பாதையாகச் சுற்றி வந்தோம். நடக்க மாட்டாத ஜிம்மியை என் துப்பட்டாவில் தூளி கட்டி நான் சுமந்தேன். இருட்டுவதற்குச் சற்று முன் கேட்டுக்கு வந்தால், அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். டீச்சர் நடந்ததைச் சொல்ல, அண்ணாச்சி ஜிம்மியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏட்டி, நாளைக்கு எம்பேத்தி அவ நாயோட வாரா. நீதான் கூட்டிட்டுப் போகணும்."

பெருமையாகவே சொல்கிறேன், கயிற்றின் ஒரு முனையில் இருப்பதை ஒரே நாளில் பழக்கிவிடுவேன், மறுமுனையைப் பிடித்திருப்பவரைப் பழக்கத்தான் எனக்குச் சம்பளம்.